தோளில் ஒரு கசங்கல்

இப்போது என் படங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் "இரு மரபுகளின் சங்கமம்" என்று எழுதுகிறார்கள். கண்காட்சித் திறப்பு விழாவில் யாராவது மைக்கைப் பிடித்து அதையே சொல்வார்கள். கூட்டம் கைதட்டும். நானும் ஒரு கும்பிடு போட்டுவைப்பேன். எழுபதுகளில் எனக்கு வேறு பெயர்கள் இருந்தன. வண்டிப்பெரியாரில் தோட்டத் தொழிலாளர் லயத்துப் பெண்களுக்கு நான் மலையாளத்தான் மகள். பெருமாட்டியில் அப்பாவின் வீட்டாருக்குப் பாண்டிச்சி மகள்; தமிழச்சியை அவர்கள் இளக்காரமாக அப்படித்தான் சொல்வார்கள். சங்கமம் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

அப்பா தேயிலை எஸ்டேட் ஆபீசில் கிளார்க். அம்மா அதே எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளியவள். கல்யாணம் ஆனதும் அப்பாவின் தறவாட்டில், அந்தப் பூர்வீக வீட்டில், அவரைத் தலைமுழுகிவிட்டார்கள். அவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவருடைய அண்ணன் முதல்முறையாக எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். சுவரில் இருந்த போட்டோவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அஸ்தியை வாங்கிக்கொண்டார். அம்மா கொடுத்த காப்பியைத் தொடாமல் பஸ் ஏறினார்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்து நாங்கள் மாமாவின் லயத்து வீட்டுக்கு வந்துவிட்டோம். அம்மாவுக்கு அப்போது ஒரே ஆசைதான் மிச்சம் இருந்தது. அந்தத் தறவாட்டுக் கூடத்தில், அப்பாவுடைய பெண்டாட்டியாக, ஒரு தடவை நிற்க வேண்டும். சொத்து வேண்டாம், சோறு வேண்டாம், நின்றால் போதும். எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

முதல் திதிக்கு முன்னால் பெரியப்பா மறுபடியும் வந்தார். லயத்து வாசலிலேயே நின்றார். தன் தோப்பில் வேலை செய்கிறவர்களிடம் பேசிப் பழகிய தமிழ் அவருக்கு இருந்தது. அவர்கள் அவரிடம் வார்த்தைக்கு வார்த்தை "ங்க" போடுவார்கள், அவர் திருப்பிப் போடமாட்டார். எங்களிடமும் அதே தமிழ்தான்.

"தம்பி படம் ஒண்ணு வேணும், புள்ள. கூடத்துல மாட்டோணும். நீ போட்டோவப் பாத்துப் பெருசா வரையறயாமா. ஆளு மட்டும் போதும்."

எங்களிடம் இருந்தது ஒரே போட்டோ. கல்யாணத்துக்குப் பிறகு ஸ்டுடியோவில் எடுத்தது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அம்மா பக்கத்தில் நின்று அவர் தோளில் கை வைத்திருப்பாள். அந்தக் காலத்தில் எல்லா ஜோடியையும் அப்படித்தான் நிறுத்தினார்கள். ஸ்டுடியோக்காரர் கையை எடுத்துத் தோளில் வைத்ததும் அம்மா பயத்தில் அழுத்திப் பிடித்துவிட்டாளாம். அவள் விரல்களுக்கு அடியில் வெள்ளைச் சட்டை கசங்கி, கழுத்துப் பட்டை வரைக்கும் இழுபட்டிருக்கும்.

"ஆளு மட்டும்" என்றால் அம்மாவை எடுத்துவிட வேண்டும் என்று அர்த்தம். நான் வரைய மாட்டேன் என்றேன்.

"வரைஞ்சு குடு," என்றாள் அம்மா. "படத்தக் கொண்டுக்கிட்டுப் போனா வாசல்ல நிறுத்தி வெச்சுப் பேச முடியாதுல்ல. உள்ள வாங்கன்னுதான சொல்லணும்."

போட்டோவின் மேல் பென்சிலால் கட்டம் போட்டு, துணியில் பெரிய கட்டம் போட்டு, கட்டம் கட்டமாக அப்பாவை ஏற்றினேன். முகம் சுலபமாக வந்துவிட்டது. அம்மா நின்ற இடத்தில் நீலத்தைப் பூசினேன். கையையும் எடுத்தேன். ஆனால் கசங்கலை விட்டுவிட்டேன். வேண்டுமென்றேதான். கை போனாலும் கை இருந்த இடம் அந்தக் கூடத்துச் சுவரில் தொங்கட்டும் என்ற திமிர். கசங்கலில் ஒரு மடிப்பு விடாமல் வரைந்தேன். அந்தப் படத்தில் நான் மிகவும் பாடுபட்ட இடம் அதுதான்.

பழைய போர்வையில் சுற்றி, பஸ் மாறி மாறிக் கொண்டுபோனோம். வழியில் எங்காவது உரசினால் சரிசெய்யப் பெயின்ட் பெட்டியையும் எடுத்துக்கொண்டேன். பெருமாட்டியில் வீட்டு வாசலுக்குப் போனதும் படத்தை இரண்டு பேர் வாங்கிக்கொண்டார்கள். மாட்டுவதற்கு என்னையும் கூப்பிட்டார்கள். அம்மாவை யாரும் போ என்று சொல்லவில்லை. பெரியம்மா சிரித்த முகமாகக் கையைக் காட்டி, சமையற்கட்டுப் பக்கத்து வராந்தாவுக்கு அழைத்துப் போய்ப் பலகை போட்டு உட்கார வைத்தாள். படம் கூடத்துக்குள் போயிற்று. அம்மா வெளியே இருந்தாள்.

இறந்துபோன ஆண்களின் வரிசையில் அப்பாவை மாட்டினோம். திதிக்கு வந்த சொந்தக்காரர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெரியப்பா மட்டும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"மூஞ்சி அப்படியேதான் இருக்குது. சட்டைதான் கசங்கிக் கெடக்குது. கவனிக்க ஆளில்லாம கெடந்தான்னு நாலு பேரு பேசுவாங்கல்ல?"

"போட்டோவுல அப்படித்தான் இருக்கு," என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. பின்கட்டு வரைக்கும் கேட்டிருக்க வேண்டும்.

அம்மா உள்ளே வந்தாள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. நேராகப் படத்துக்கு முன்னால் வந்து நின்று தோளை உற்றுப் பார்த்தாள்.

"நேராக்கிரு," என்றாள்.

"அது உன் கைம்மா," என்றேன், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"தெரியும். அமுக்குனவளுக்குத் தெரியாதா? கையத்தான் எடுத்தாச்சே. இனி பாக்குறவுகளுக்கு அது வெறும் கசங்கல்தான். ஒரு நா கூட நான் அவுகளத் தேய்க்காத சட்டையோட ஆபீசுக்கு அனுப்புனதில்ல. இவுக வாயால அப்பிடி ஒரு பேச்சு எனக்கு வேண்டாம். நேராக்கு."

பெட்டியைத் திறந்து வெள்ளையோடு துளி சாம்பல் நிறம் கலந்தேன். பெரியப்பா மேல் இருந்ததைவிட அம்மா மேல்தான் எனக்கு அப்போது ஆத்திரம் அதிகம். அது இன்றைக்கும் முழுதாக ஆறவில்லை. மடிப்பு மடிப்பாக மூடிக்கொண்டு வந்தேன். அம்மா பக்கத்திலேயே நின்று, இங்கே, இன்னும் கொஞ்சம் இங்கே என்று காட்டிக்கொண்டிருந்தாள். தோள் வழவழவென்று ஆகிவிட்டது. யாரும் தொட்டறியாத ஆளாக அப்பா சுவரில் உட்கார்ந்திருந்தார்.

"இப்பச் சரியா இருக்குது," என்றார் பெரியப்பா. இந்த முறை அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது.

அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். எஸ்டேட்டில் கங்காணிக்குப் பதில் சொல்கிற அதே குரலில், "ஆமாங்கய்யா," என்றாள்.