கழித்த சுக்கு

எழுபதுகளில் மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கில் நான் குமாஸ்தா. அங்கே சுக்கைத் தரம் பிரித்தவர் நாகர்கோவில்காரர். புருவத்தில்கூடச் சுக்குத்தூள் படிந்திருக்கும்; நாளெல்லாம் தும்முவார். இரட்சிக்கப்படுகிறவர்களைக் கர்த்தர் உலகம் உண்டாகும் முன்பே தெரிந்தெடுத்துவிட்டார், நம் கையில் ஒன்றுமில்லை என்பது அவர் கட்சி. இதற்காகச் சபையில் பாதிப்பேரோடு அவருக்குப் பேச்சில்லை.

ஆனால் வேலை முடிந்ததும், பூச்சி அரித்ததென்று தானே கழித்த குவியலின் முன் மறுபடி குத்தவைத்து உட்கார்ந்துவிடுவார்.

நான் எர்ணாகுளத்தப்பனைக் கும்பிடுகிறவன். இருந்தாலும் ஒருநாள் வாய் சும்மா இருக்கவில்லை. "அண்ணாச்சி, கழிச்சது கழிச்சதுதானே? உங்க கர்த்தர் இப்படித் திரும்பிப் பார்ப்பாரா?"

"அவருக்க கண்ணு தப்பாது சாரே. எனக்க கண்ணு தப்பும்லா?" என்று சொல்லித் தும்மினார்.

தினமும் நல்ல சுக்கு ஒன்றிரண்டு அகப்படும். அதை ஊதித் துடைத்து நல்ல குவியலில் சேர்க்கும்போது அந்த முகத்தில் வரும் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். கர்த்தரும் சாயங்காலம் ஒருமுறை இப்படி வந்து உட்காருவார் என்று, சபைக்குத் தெரியாமல் அவர் நம்பியிருப்பார் என்றே இன்றும் எனக்குத் தோன்றுகிறது.