ஸ்டெல்லா மணியடித்த ஞாயிறு

ஞாயிறு காலை 6.10. மாத்தளை பஸ் நிலையத்தில் இரத்தோட்டை பஸ் உறுமிக்கொண்டு நின்றது. எழுபது ரூபாய் டிக்கெட், பன்னிரண்டு கிலோமீட்டர், ஜன்னலோர இடம். கொழும்பிலிருந்து வந்தவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனாலும் என் மனம் ஜன்னலில் இல்லை. காரணம், என் தங்கை ஸ்டெல்லா.

பதினான்கு மாதங்களுக்கு முன் பெய்த மழையில் அவள் குடியிருக்கும் தோட்டத்து லயத்துக்கு, அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, பின்னாலிருந்த மண்மேடு சரிந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. தோட்டத்துத் தேவாலயமோ மலைமேல் இருக்கிறது; நூற்று அறுபத்து நான்கு படிகள். ஞாயிறுதோறும் ஏறிப்போய் அங்கே மணியடித்தவள் அவள்தான். இன்று பொய்க்காலுடன் ஏறி மறுபடியும் அடிக்கப்போகிறாளாம். விழுந்து காயம் பட்டால் இன்னும் மேலே வெட்டவேண்டி வரலாம் என்று டாக்டர் என்னிடமே சொல்லியிருந்தார்.

7.00. இரத்தோட்டையிலிருந்து தோட்டத்துக்கு ஆறு கிலோமீட்டர். த்ரீவீலருக்குத் தொள்ளாயிரம் ரூபாய். பேரம் பேசிப் பார்த்தேன், மசியவில்லை. சாரதியின் பெயர் செல்வம். யார் வீட்டுக்கு என்று சொன்னதும் திரும்பிப் பார்த்தான்.

“ஸ்டெல்லாக்கா வீட்டுக்குங்களா? அப்ப நானும் மேல வாரேன்.”

“சர்ச்சுக்குப் போறவரா நீங்க?”

“நான் மாரியம்மன் கோயில் ஆளுங்க. ஆனா அந்த மணி கேக்காம எங்களுக்கே ஞாயித்துக்கெழம வந்த மாதிரி இல்ல. அக்கா வந்து அடிக்கட்டும்னு சபையாளுங்க கயித்தத் தொடாமலே வச்சிருக்காங்க.”

மிளகுக்கொடி படர்ந்த மரங்களுக்கு நடுவே வண்டி ஏறியது. வாசல்களில் காயவைத்திருந்த கராம்பின் வாசனை மூக்கில் ஏறியது. வேறொரு நாளாக இருந்தால் இதைப் பற்றியே இரண்டு பக்கம் எழுதியிருப்பேன்.

7.40. போனிலேயே நான் ஓர் ஏற்பாடு செய்திருந்தேன்: ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி, தூக்குவதற்கு நாலு ஆட்கள். ஸ்டெல்லா அதைப் பார்த்துச் சிரித்தாள்.

“இது யாருக்குண்ணே? ஊர்கோலம் போகவா?”

“ஒனக்குத்தான். பேசாம உக்காரு.”

“மண்ணு ஒருவாட்டி என்னையத் தூக்கிட்டுப் போச்சு. இனி யாரும் தூக்க வேணாம்.”

எனக்குக் கோபம் வந்தது. நாற்காலி பின்னாலேயே வரட்டும் என்று சொல்லிவிட்டேன். ஊன்றுகோலைப் பிடித்து அவள் ஏறத் தொடங்கினாள். பத்துப் படிக்கொரு தடவை நிற்பாள், மூச்சு வாங்குவாள், “ஸ்தோத்திரம் ஆண்டவரே” என்பாள், மறுபடி ஏறுவாள். எண்பதாம் படியில் அவள் முகமெல்லாம் வியர்வை. என் வாய் சும்மா இருக்கவில்லை.

“ஒன் காலு போச்சு. அதுக்கும் ஸ்தோத்திரமா?”

அவள் கோபிக்கவில்லை.

“எதுக்கு இப்புடின்னு ஆஸ்பத்திரியில அவருகிட்ட கேட்டுக்கிட்டே கெடந்தேன். பதில் வரல்லண்ணே. ஆனா என்னையத் தனியா விடல்ல. மேல்லயத்துல சீனி வருத்தம் முத்திக் கால் எடுத்தவங்க மூணு பேரு. அவங்களுக்குப் பொய்க்கால் கட்டி நடக்கப் பழக்குறது இப்ப நான்தான். ரெண்டு காலும் இருந்தப்ப அவங்க வாசல ஒருநாளாவது மிதிச்சிருக்கேனா?”

நூற்று இருபதாம் படியில் பாசி. ஊன்றுகோல் வழுக்கியது. எல்லோரும் “ஐயோ!” என்று பாய்ந்தோம். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துப் படியில் உட்கார்ந்துவிட்டவள், மற்றக் கையை உயர்த்தி எங்களைத் தடுத்தாள். பொய்க்காலின் பட்டியை இறுக்கினாள். தானே எழுந்தாள்.

8.35. உச்சி. ஸ்டெல்லா செருப்பைக் கழற்றிவிட்டு மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்தாள். முதல் இழுப்பில் துருதான் கொட்டியது. அடுத்த இழுப்பில் மணி பேசிற்று. கீழே லயத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஆட்கள் வாசலில் நின்று கையசைத்தார்கள். செல்வம் விசிலடித்தான். ஸ்டெல்லா நிறுத்தவேயில்லை, சிரித்துக்கொண்டே இழுத்தாள். நான் அழுதேன். வெட்கப்படாமல் அழுதேன்.

ஆராதனை முடிந்து இறங்கும்போது, ஐந்தாம் படியில் என் முழங்கால் பிடித்துக்கொண்டது. ஓர் அடி வைக்க முடியவில்லை. நாலு ஆட்களும் நாற்காலியோடு தயாராக நின்றார்கள்.

“அண்ணே,” என்றாள் ஸ்டெல்லா, “பேசாம உக்காருங்க.”

நூற்று ஐம்பத்தொன்பது படிகளும் ஊரே பார்க்க நாற்காலியில் இறங்கினேன். அவள் பக்கத்திலேயே நடந்து வந்தாள்.

அன்று இரவு 9.20க்குக் கொழும்பு. என் வீடு நாலாம் மாடியில்; லிஃப்ட் இரண்டு வாரமாக வேலை செய்யவில்லை. வழக்கமாக முதல் மாடியிலேயே நான் திட்டத் தொடங்கிவிடுவேன். அன்று பத்துப் படி ஏறி நின்றேன். சுவரைப் பிடித்து மூச்சு வாங்கினேன். யாரும் வருகிறார்களா என்று மேலும் கீழும் பார்த்தேன்.

“ஸ்தோத்திரம் ஆண்டவரே” என்றேன். பிறகு ஏறினேன்.