இருபத்தைந்து டிகிரி

இண்டக்‌ஷன் அடுப்பின் கறுப்புத் தட்டைத் துடைக்கும்போதெல்லாம் எனக்கு அக்காவின்மேல் கோபம் வருகிறது. அந்தத் தட்டும் ஒரு காலத்தில் கண்ணாடிதான். உருக்கி வார்த்த கண்ணாடியை மறுபடி உலையில் வைத்து, குறைந்த சூட்டில் வெகுநேரம் நிறுத்தினால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத படிக விதைகள் உண்டாகும். அப்புறம் சூட்டை ஏற்றினால் அவை வளர்ந்து, கண்ணாடி கல்லாக இறுகும். முதல் சூடு பிசகினால் விதை குறைந்துபோகும். இருக்கிற படிகங்கள் கண்டபடி பெருத்துத் தகடு விரிசல் விடும். ஹைதராபாத் தார்நாகாவில் ஓர் ஆய்வகத்தில் நானும் அக்காவும் ஏழு வருடம் இதைத்தான் செய்தோம். இருவருமே ஒப்பந்த ஊழியர்கள். அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை, வேலையில் எனக்கு மூத்தவர். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர் அவர். அவர், இவர் என்று எழுதக் கை கூசுகிறது. பழக்கம் விடமாட்டேன் என்கிறது.

மல்லாபூரில் ஒரு தொழிற்சாலை எங்கள் முறையை வாங்கியது. எங்கள் ஆய்வக உலை மீட்டரில் பார்த்த சூட்டை அப்படியே குறிப்பில் எழுதினேன். அக்கா படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அங்கே நான் நின்று சுட்ட தகடுகள் ஒன்று விடாமல் விரிசல் விட்டன. கூட்டத்தில் ஆய்வகத் தலைவர் காரணம் கேட்டபோது அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே, "இவளுக்கு எப்பவும் அவசரம் சார், சொன்ன நேரம் நிறுத்தியிருக்க மாட்டா" என்றார். அந்த மாதமே என் ஒப்பந்தம் முடிந்தது, நீட்டிக்கவில்லை. அக்கா மல்லாபூர் போய் இரண்டே நாளில் சரிசெய்தார். ஆலோசகராக அங்கேயே வேலையும் கிடைத்தது.

ஆய்வகத்தில் உலை பழுதுபார்ப்பவரைப் பிறகு பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். எங்கள் மீட்டர் இருபத்தைந்து டிகிரி கூடுதலாகக் காட்டும், முன்பே சோதித்து மேடத்திடம், அதாவது அக்காவிடம், சொல்லிவிட்டேனே என்றார் அவர், சாதாரணமாக. அப்படியென்றால் மீட்டர் சரியாக இருந்த மல்லாபூர் உலையில், என் குறிப்பின்படி தகடுகளுக்கு இருபத்தைந்து டிகிரி கூடுதல் சூடு ஏறியிருக்கிறது. நேரே அக்கா வீட்டுக்குப் போனேன்.

"மீட்டர் தப்புன்னு உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"ஹவ் மா, தெரியும். அதையும் எழுதிக் குடுத்துட்டா அப்புறம் என்னை யாரு கூப்பிடுவா? கோவம் நக்கோ, கோவப்படாத. உனக்கென்ன, வயசு இருக்கு, வேற லேப் கிடைக்கும்."

எனக்கு அப்போது முப்பத்தாறு. லேப் வேலைகளில் புதிதாகச் சேர வயது வரம்பு முப்பத்தைந்து. என் விண்ணப்பங்களை வருடாவருடம் சரிபார்த்துக் கொடுத்தவருக்கு அது தெரியாதா?