அருவிக்குப் போன ஞாயிற்றுக்கிழமை

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்தால் படிக்கிறவர்கள்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும். பத்திரிகைகளில் அருவிகளைப் பற்றிப் பலர் எழுதுகிறார்கள். பாறை, சாரல், வானவில் என்று படிக்க நன்றாகவே இருக்கிறது. நானும் ஓர் அருவிக்குப் போயிருக்கிறேன், ஒரே ஒரு தடவை. அதைப் பற்றி நான் எழுதுவதில் வானவில் வராது. அதற்கும் சேர்த்து இப்போதே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பெங்களூர் காக்ஸ் டவுனில் ரயில் பாதைக்குப் பக்கத்துச் சந்தில், ஒரே வாசலுக்குள் பல குடித்தனங்கள் இருந்த இடத்தில் நாங்கள் குடியிருந்தோம். அப்பாவை நைனா என்று கூப்பிடுவோம். அவர் ஒரு பட்டறையில் ஃபிட்டர். அம்மா வீட்டில் இருந்தாள். நான் அக்கம்பக்கத்துக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் அண்ணன் துணி மில்லில் தறி ஓட்டினான்.

அண்ணனுக்கு ஆட்கள் பேசுவது கேட்க ஆரம்பித்தது. யாரும் இல்லாத இடத்தில் கேட்டது. இரண்டு மூன்று பேர் அவனைப் பற்றியே பேசுகிறார்கள் என்றான். என்ன பேசுகிறார்கள் என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வான். "உன்னண்ட சொல்ற மாதிரி இல்ல பாப்பா" என்பான். என்னை அவன் பாப்பா என்றுதான் கூப்பிடுவான், நான் இருபதைத் தாண்டிய பிறகும்.

தறிகள் ஓடும்போது அவன் நன்றாக இருந்தான். மில்லுக்குள் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் காதில் விழாது. சாப்பாட்டு நேரத்தில் தறிகள் நின்றதும் அந்தக் குரல்கள் வந்துவிடும். ஒரு நாள் அப்படி நின்றபோது எதிரில் சோறு தின்றுகொண்டிருந்தவனைப் பிடித்து அடித்துவிட்டான். வேலை போயிற்று.

வேலை போன பிறகு வீடுதான். வீட்டில் ஏது சத்தம்? என் தையல் மெஷின் ஓடினால் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சக்கரத்தோடு காதை ஒட்டி வைத்துக்கொள்வான். அது போதவில்லை. ரயில் பாதைக்குப் போய் நிற்கத் தொடங்கினான். கூட்ஸ் வண்டி என்றால் அவனுக்கு உயிர். நீளமாக இருக்கும், மெதுவாகப் போகும். தண்டவாளத்துக்கு எவ்வளவு பக்கத்தில் போக முடியுமோ அவ்வளவு பக்கத்தில் நின்றுகொண்டிருப்பான். ரயில்வே கேட்காரர் இரண்டு தடவை கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தார். மூன்றாம் தடவை வந்தபோது நைனாவை வெளியே கூப்பிட்டார்.

"பெரியவரே, புள்ளயக் கட்டிப் போட்டு வைங்க. என் டூட்டியில எதுனா ஆச்சுன்னா நான் என்ன பண்றது?" என்றார்.

அண்ணன் சாகப் பார்க்கிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். எனக்கு மட்டும் அவன் சொல்லியிருந்தான். "வண்டி போறப்போ அவங்க வாய மூடிக்கிறாங்க பாப்பா. அதுக்குத்தான்." இதை நைனாவிடம் சொன்னேன். "அதுவும் பைத்தியந்தானேம்மா" என்றார். அவர் சொன்னதும் சரிதான்.

நைனா பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரைப் பார்த்தார். திங்கட்கிழமை ஒரு படுக்கை காலியாகும், அழைத்து வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அம்மா அன்று சமைக்கவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் தலையில் கரண்ட் வைப்பார்கள் என்று வாசலில் யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். போனவர்கள் பெற்றவளையே மறந்துவிடுவார்கள் என்றும் சொன்னார்கள்.

சித்தம் கலங்கியவர்களை அருவியில் நிறுத்தினால் தெளியும் என்பது அம்மாவின் நம்பிக்கை. உச்சந்தலையில் தண்ணீர் விடாமல் அறைய வேண்டும், சூடு கால் வழியாக இறங்கிவிடும் என்பாள். குற்றாலம் வெகு தூரம். ஆனால் எங்கள் தெருவிலேயே ஒருவர், பஸ் பேசி, ஆள் சேர்த்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் சுற்றிக் காட்டப் போவார். காக்கித் தொப்பி, கழுத்தில் விசில். எல்லோரும் அவரைக் கைடு என்றே கூப்பிட்டார்கள். அந்த ஞாயிறு சிவசமுத்திரம் அருவிக்குப் போவதாக இருந்தார். பங்குனி மாதம்.

அம்மா நைனாவிடம் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "ஒரு தடவ தலையில தண்ணி கொட்டட்டும். கொஞ்சமாச்சும் தெளிஞ்சா ஆஸ்பத்திரி வேணாம். தெளியலன்னா இட்டுக்கினு போங்க, நான் குறுக்க நிக்க மாட்டேன்."

நைனா, "சரி" என்றார்.

அண்ணனிடம் சொன்னது நான். அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சத்தம் பெருசா இருக்குமா?"

"பெருசா இருக்கும்னு சொல்றாங்கண்ணா. பக்கத்துல நின்னா பேசறதே கேக்காதாம்."

"நடுவுல நிறுத்துவாங்களா?"

"அருவிய யாருண்ணா நிறுத்துவாங்க?"

அவன் சிரித்தான். அவன் சிரித்து மாதக்கணக்காகியிருந்தது. அன்றிரவு அவனே தன் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டான்.

பஸ்ஸில் இஞ்சினுக்குப் பக்கத்து இடத்தை அவனுக்குக் கேட்டு வாங்கினோம். சூடு தாங்காது என்று அங்கே யாரும் உட்கார மாட்டார்கள். கைடு கன்னடம் கலந்து, "சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ சார்" என்றபோது, அண்ணன் இஞ்சினின் தகர மூடி மேல் கையை வைத்துக்கொண்டு, "இது போதும் சார், நல்லா இருக்கு" என்றான். பஸ்ஸில் ஒரு போலீஸ்காரர் குடும்பமும், புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்றும், பாட்டுப் பாடுகிற வாலிபர்கள் சிலரும் வந்தார்கள். அண்ணனைப் பற்றி யாருக்கும் தெரியாது. கைடிடம்கூடச் சொல்லவில்லை. அம்மா மடியில் ஒரு பித்தளைச் சொம்பும், மஞ்சள் துணியில் முடிந்த விபூதியும் வைத்திருந்தாள்.

கனகபுரா, மளவள்ளி தாண்டிப் போனோம். கைடு எழுந்து நின்று பேசிக்கொண்டே வந்தார். காவேரி அங்கே இரண்டாகப் பிரிந்து இரண்டு அருவியாக விழுகிறதாம். ஒன்றுக்குக் ககனசுக்கி என்று பெயர், இன்னொன்று பரசுக்கி. "ரெண்டு மைலுக்கு முன்னாடியே சத்தம் கேக்கும், பாருங்க! குழந்தைங்க பயந்துடும், கையில புடிச்சுக்குங்க!" என்றார்.

பஸ் நின்றது. டிரைவர் இஞ்சினை நிறுத்தினார்.

அண்ணன் இறங்கித் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றான்.

"கேக்குதா பாப்பா?"

"இன்னும் கிட்டப் போவணும்ணா."

நடந்தோம். காய்ந்த புல். எங்கோ ஒரு குயில் கூவியது. பின்னால் வந்த வாலிபர்கள் பாட்டை நிறுத்தியிருந்தார்கள்.

"இப்போ கேக்குதா?"

"அந்தத் திருப்பம் தாண்டினா கேக்கும்ணா."

திருப்பம் தாண்டியதும் பள்ளத்தாக்கு வந்தது. எதிரே கறுப்பும் பழுப்புமாகப் பாறை, மேலிருந்து அடிவரை வெறும் பாறை. அதில் தண்ணீர் வழிந்த வெள்ளைத் தடங்கள் மட்டும் இருந்தன. ஓரத்தில் ஓரிடத்தில் நூல் மாதிரி ஏதோ மினுங்கியது. கைடுக்குப் பாவம், பேசிப் பழகிய வாய். "பாருங்க, என்ன வேகம், என்ன ஆர்ப்பாட்டம்..." என்று தொடங்கிவிட்டு அப்படியே நின்றார்.

"இன்னா கைடு, குழாய மூடிட்டாங்களா?" என்றான் ஒரு வாலிபன்.

"என் கையில ஒரு சோப்பு குடுத்தாங்க மாமியாரு. இப்ப எங்கடா தேய்க்கிறது?" என்றான் இன்னொருவன். எல்லோரும் சிரித்தார்கள். புதுப்பெண்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கைடு தொப்பியைக் கழற்றித் துடைத்தார். "நான் எப்பவும் ஆடி மாசத்துல வருவேங்க. அப்ப பார்க்கணும் நீங்க. கோடையில மேலயே தண்ணியத் திருப்பிடறாங்க."

"எங்க திருப்பறாங்க?" என்று கேட்டாள் அம்மா. வழியெல்லாம் அவள் பேசியது அதுதான் முதல் பேச்சு.

"கரண்ட்டு எடுக்கறதுக்கும்மா. அதோ கீழ தெரியுது பாருங்க, அந்தக் கட்டடம். அங்க இருந்துதான் பெங்களூருக்குப் போவுது. உங்க வீட்டு பல்பு எரியுதுல்ல, இந்தத் தண்ணிதான்."

அம்மா அந்தக் கட்டடத்தைப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் தலையில் வைக்கிற கரண்ட்டும் இதுதானே என்று நினைத்தாளோ என்னவோ. அந்த வெயிலில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"ரெண்டாவது ஒண்ணு இருக்குன்னீங்களே?" என்று நைனா கேட்டார். ஆஸ்பத்திரியே சரி என்று சொன்னவர் அவர். அவரும் அப்படிக் கேட்டார்.

இரண்டாவது அருவிக்குப் படியிறங்கிப் போக வேண்டும். அங்கே கொஞ்சம் தண்ணீர் இருந்தது. பாறையோடு ஒட்டி, ஓசையில்லாமல் வழிந்தது. கீழே பாறைகளுக்கு நடுவில் குட்டை குட்டையாகத் தண்ணீர் தேங்கி, அடியில் கூழாங்கல் தெரிகிற அளவுக்குத் தெளிவாக இருந்தது. கைடுக்கு உயிர் வந்தது. "நேச்சுரல் ஸ்விம்மிங் பூல்! வெள்ளக்காரன் காசு குடுத்துக் கட்டுவான், நமக்கு ஓசி! ஆம்பளைங்க இந்தப் பக்கம், பொம்பளைங்க அந்தப் பக்கம்!" என்று விசில் ஊதினார். வாலிபர்கள் குதித்தார்கள். போலீஸ்காரர் குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார். எல்லோருக்கும் அது நல்ல நாளாகத்தான் இருந்தது.

அம்மா, ஆண்கள் பக்கம் என்றும் பார்க்காமல், அண்ணனைப் பாறைக்கு அழைத்துப்போய் அந்த வழிசலுக்கு அடியில் உட்கார வைத்தாள். தண்ணீர் அவன் முதுகில் இறங்கியது, தலையில் விழவில்லை. தள்ளி உட்கார வைத்தாள். தோளில் விழுந்தது. குனியச் சொன்னாள். அவன் சொன்னபடியெல்லாம் செய்தான். கடைசியில் அவள் சொம்பை எடுத்துக் குட்டையில் மொண்டு மொண்டு அவன் உச்சந்தலையில் ஊற்றத் தொடங்கினாள். கையை எவ்வளவு உயரத் தூக்க முடியுமோ அவ்வளவு உயரத்திலிருந்து ஊற்றினாள். எங்கள் தெரு மாரியம்மனிலிருந்து அவளுக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டாள்.

போலீஸ்காரர் மனைவி என் பக்கத்தில் வந்து, "வேண்டுதலாம்மா?" என்று கேட்டாள்.

"ஆமாங்க" என்றேன்.

"நல்லது. என் தம்பிக்கும் வேண்டிக்கினுதான் கல்யாணம் ஆச்சு" என்றாள்.

கை ஓய்ந்து அம்மா சொம்பைக் கீழே வைத்தாள். அண்ணன் எழுந்தான். அவளைத் தொட்டு, "போதும்மா, கை நோவும்" என்று தெளிவாகச் சொன்னான். அம்மாவின் முகத்தில் அப்போது வந்ததை நான் எப்படி எழுதுவது? நைனாவைத் திரும்பிப் பார்த்தாள், கேட்டீர்களா என்பது போல.

அவன் நேராகக் குட்டைக்குள் இறங்கினான். இடுப்பளவு, மார்பளவு. மூக்கைப் பிடித்துக்கொண்டு மூழ்கினான். குளிக்கிறான் என்றுதான் நினைத்தோம். தண்ணீருக்கடியில் அவன் குந்தியிருப்பது மேலிருந்து பார்த்தாலே தெரிந்தது. இரண்டு காதையும் கைகளால் மூடவில்லை, திறந்து வைத்திருந்தான். வெளியே வரவில்லை. நைனா கத்தினார். அவருக்கு நீச்சல் தெரியாது. சோப்பு என்று கேலி பேசிய அந்த வாலிபன்தான் பாய்ந்து, அண்ணனின் முடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டான்.

"இன்னா பிரதர், மூச்சு அடக்கறதுல பந்தயமா?" என்று சிரித்தவன், அண்ணனின் முகத்தைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

அண்ணன் இருமித் தண்ணீரைத் துப்பினான். நான் மண்டியிட்டு அவன் தலையைத் துவட்டினேன்.

"உள்ள இன்னும் நல்லா கேக்குது பாப்பா" என்றான். "வேற ஒரு சத்தமும் இல்ல. அவங்க மட்டுந்தான்."

அம்மா காதிலும் நைனா காதிலும் அது விழுந்தது. குட்டையில் பிள்ளைகள் தண்ணீர் அடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றை நைனா பஸ் கிளீனரிடம் கொடுத்துவிட்டார்.

திரும்பும்போதும் அண்ணன் இஞ்சின் பக்கத்தில்தான் உட்கார்ந்தான். கனகபுராவில் டீ குடிக்க நிறுத்தினார்கள். என்னைக் கையாட்டிக் கூப்பிட்டு, "வண்டிய ஆஃப் பண்ண வேணாம்னு சொல்லு" என்றான். போய்ச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன்.

"இஞ்சின் சுட்டுப்போச்சும்மா, ஆறணும்" என்றார் டிரைவர். அவர் டீ குடித்து முடிக்கிறவரை அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு, இஞ்சின் மூடியை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே இருந்தான். விரலில் தோல் உரிந்துவிட்டது. அதைப் பார்த்த புதுப்பெண் தன் புருஷனிடம் ஏதோ சொல்லி, இடம் மாறிப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா விளக்கைப் போட விடவில்லை. இருட்டிலேயே பெட்டியைத் திறந்து, அண்ணனின் இரண்டு சட்டை, இரண்டு வேட்டி, ஒரு துண்டு எடுத்துப் பையில் வைத்தாள். சட்டைகளில் பித்தான் எல்லாம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். ஒன்றில் இல்லை. என்னிடம் கொடுத்தாள். நான் வாசல் பக்கம் போய், பக்கத்துக் குடித்தனத்து வெளிச்சத்தில் தைத்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை. நைனா பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு அண்ணனை ஜட்கா வண்டியில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனார். அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். நைனா மத்தியானம் தனியாகத் திரும்பி வந்தார்.