மகள் கேட்ட மொட்டை

ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் கமலா, "சமயபுரத்துல எனக்கு மொட்டை போடும்மா" என்று நச்சரித்தாள். இந்த வயதில் இத்தனை பக்தியா என்று பூரித்துப்போனேன். ஒரு மாதமாகத் தலைக்கு எண்ணெய் வைப்பதும் பின்னுவதும்கூட அவளேதான். பொறுப்பு வந்துவிட்டதென்று ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டேன்.

சமயபுரத்தில் அவள் தலையை நனைத்த நாவிதர் சட்டென்று கையை எடுத்துவிட்டார்.

"என்னங்கம்மா இது? பின்னந்தலையில முடிய வேரோட பிடுங்கியிருக்கு!"

அங்கங்கே புண். "யாருடி பண்ணினது?" என்று அவளைத் திருப்பிக் கேட்டேன்.

"சாப்பாட்டு நேரத்துல பெரிய பொண்ணுங்க என் பின்னலை ஜன்னல் கம்பியில கட்டிட்டு ஓடிடுவாங்கம்மா. முடி இல்லேன்னா கட்ட முடியாதுல்ல?" என்றாள் கமலா.

மறுநாளே அவளோடு பள்ளிக்கூடம் போனேன். "பிள்ளைங்க விளையாட்டுங்க, போகப் போகச் சரியாயிடும்" என்றார் தலைமையாசிரியை. கமலாவின் மொட்டைத் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தேன். புண்ணைப் பார்த்தவர் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். அன்றிலிருந்து சாப்பாட்டு வேளையில் ஓர் ஆசிரியை வகுப்பிலேயே இருக்கிறார். எல்லாப் பள்ளிக்கூடத்திலும் இருக்க வேண்டும். பிள்ளைகள் தாமாக வந்து சொல்லமாட்டார்கள்.

முடி வளர்ந்துவிட்டது. இப்போது நான்தான் பின்னிவிடுகிறேன். பின்னந்தலையை விரலால் தடவிப் பார்க்காமல் ஒருநாளும் ரிப்பன் கட்டுவதில்லை.