விசாலத்துக்காகப் போட்ட கட்டம்

நேற்று சாயங்காலம் மாடி வீட்டு மருமகள் ஒரு அட்டையும் பேனாவுமாக வந்து நின்றாள். அவள் மகளின் பிராக்ரஸ் கார்டு. வீட்டுக்காரர் ஆபீஸ் வேலையாக டில்லி போயிருக்கிறாராம், காலையில் கையெழுத்தோடு கொண்டுபோக வேண்டுமாம். "மாமா, நீங்களே போட்டுடுங்கோ" என்றாள். போட்டுக் கொடுத்தேன். வழவழவென்ற மஞ்சள் அட்டை. அச்சு மை வாசனை இன்னும் அடங்கவில்லை. அவள் போன பிறகும் அந்த வாசனை என்னை விட்டுப் போகவில்லை.

எங்கள் காலத்தில் அச்சாவது மண்ணாவது. மைத்தூளை வெந்நீரில் கரைத்து, கோடு போட்டு, கட்டம் கட்டமாக நானே எழுதிய காகிதங்கள்தாம். என்னைப் பிறவி உபாத்தியாயர் என்று நினைத்துவிடாதீர்கள். மிதவைப் பாலத்தில் குதிரை வண்டி தடதடக்க ஹவுராவிலிருந்து கல்கத்தாவுக்குள் நுழைந்தபோது என்னிடம் ஒரு டிரங்குப் பெட்டியும் சுருக்கெழுத்து சர்டிபிகேட்டும் இருந்தன. ராஜதானி டில்லிக்குப் போய்விட்டதே என்று ஊரே புலம்பிக்கொண்டிருந்த சமயம். முதல் பேட்டியிலேயே துரை ஒரு கடிதம் சொன்னார், எழுதினேன். வாசிக்கச் சொன்னார். நான் எழுதியது எனக்கே விளங்கவில்லை. துரை ரொம்ப மரியாதையாகக் கதவைக் காட்டினார்.

அப்படித்தான் பவானிப்பூர் சந்து ஒன்றில் தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று நம்மவர்கள் நடத்திவந்த பள்ளிக்கூடத்தில் ஒண்டினேன். பள்ளிக்கூடம் என்பது வாடகை வீட்டின் மாடி. கீழே கடுகெண்ணெய்க் கிடங்கு. நம் வீடுகளிலோ கடுகெண்ணெய் என்றாலே மூக்கைப் பொத்துவார்கள். பிள்ளைகளின் தலை, துணி, சிலேட்டு எல்லாவற்றிலும் அந்த நெடி ஏறிவிடும். பல வீடுகளில் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையைக் குளிப்பாட்டாமல் உள்ளே விடமாட்டார்கள் என்று கேள்வி.

அரை வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு முழுத்தாளில் தமிழ், இங்கிலீஷ், கணக்கு, பூகோளம், கையெழுத்து, நடத்தை என்று ஆறு கட்டம் போட்டு, பிள்ளை எங்கே நிற்கிறது என்று எழுதி வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அப்பாக்கள் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினால் தீர்ந்தது. ஆனால் அவர்கள் எல்லோரும் கம்பெனிகளிலும் சர்க்கார் ஆபீசுகளிலும் ஃபைலோடு குடித்தனம் நடத்துகிறவர்கள் ஆயிற்றே, காகிதத்தைக் கண்டால் கை சும்மா இருக்குமா? 'பார்த்தேன்', 'நேரில் பேசவும்', 'சரிவுக்குக் காரணம் என்ன?' என்று ஓரத்தில் இங்கிலீஷில் குறிப்பு எழுதுவார்கள். ஒருவர் தன் பிள்ளை பூகோளத்தில் இறங்கியதற்கு என்னிடம் விளக்கம் கேட்டிருந்தார். 'பம்பாயை வங்காள விரிகுடாவில் வைத்துவிட்டான்' என்று எழுதி அனுப்பினேன். 'குறித்துக்கொள்ளப்பட்டது' என்று திரும்பி வந்தது.

இவர்களில் சேஷாத்ரி ஐயர் தனி ரகம். சணல் கம்பெனி ஒன்றில் கணக்கு இலாகாவுக்குத் தலைவர். எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் காரியதரிசி. என் சம்பளம் அவர் கையால்தான் வரும். நல்ல மனுஷர், சிரிக்க மட்டும் மாட்டார். அவருடைய ஒரே பெண் விசாலம் என்னிடம் மூன்றாம் வகுப்பில் இருந்தாள். எட்டு வயது. தமிழ் மணிமணியாக வாசிப்பாள். கணக்கோ, அதை ஏன் கேட்கிறீர்கள். வகுத்தல் கணக்கு கொடுத்தால் சிலேட்டில் மீன் வரைந்து வைத்திருப்பாள். "வகுக்கலையா?" என்றால், "மீதி வருது ஸார், அதான் விட்டுட்டேன்" என்பாள்.

போன அரை வருஷக் காகிதத்திலேயே கணக்குக் கட்டத்தைச் சுற்றி அவள் அப்பா சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார். அடுத்த காகிதம் எழுதவேண்டிய வாரத்தில் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"இந்தத் தடவையும் கணக்கு இப்படியே இருந்தா, பேசாம கும்பகோணத்துக்கு அனுப்பிடப்போறேன். எங்க அண்ணா ஆத்துல இருக்கட்டும். ரெண்டு வருஷத்துல கல்யாணத்தைப் பண்ணிடலாம்" என்றார்.

அவர் ஆபீசில் தேறாத குமாஸ்தாவை ரங்கூன் கிளைக்குத் தள்ளிவிடுவார்கள். பெண் விஷயத்திலும் மனுஷருக்கு அதே வழிதான் தோன்றியது. கணக்கு வந்ததாக எழுதலாம். ஆனால் கணக்கு இலாகாத் தலைவரிடம் அது எத்தனை நாள் நிற்கும்? அவரே உட்காரவைத்து ஒரு வகுத்தல் கொடுத்தால் மீன் வெளியே வந்துவிடும்.

மறுநாள் பிற்பகல் சந்து முனையில் ஒரு மூடின வண்டி வந்து நின்றது. விசாலத்தின் அம்மா அலமேலு அம்மாள். அந்தக் காலத்தில் நம் ஸ்திரீகள் பிற புருஷனோடு நேருக்கு நேர் பேசமாட்டார்கள். அவர் மாடிக்கு வந்து கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டார். நடுவில் விசாலம். பேசுவது அவளைப் பற்றி. பேச்சைச் சுமக்கிறவளும் அவளே.

"வாத்தியார் கிட்ட சொல்லு. கணக்கு வரலைன்னா வரலைன்னே எழுதட்டும். பொய் வேண்டாம்."

"கணக்கு வரலைன்னே எழுதணுமாம் ஸார்."

அம்மாள் சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது. இருந்தாலும் விசாலம் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தேன். முறை என்று ஒன்று இருக்கிறதே.

"ஆனா உனக்கு எது வருதோ அதையும் எழுதணும்னு சொல்லு. மழைக்காலத்துல தம்பிக் கொழந்தைக்கு ஜுரம் அடிச்சப்போ ஆத்துல யாரு இருந்தா? டாக்டர் பாபு கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னது யாரு? அடுத்தாத்து வங்காளி மாமி மாஷிமா கிட்ட, கறிகாய்க்காரன் கிட்ட, எல்லார் கிட்டயும் எனக்காகப் பேசறது யாரு? இவ போயிட்டா நான் இந்த ஊர்ல ஊமை."

விசாலம் இதைச் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். "சொல்லேண்டி" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அவள் மெதுவாக, "எனக்கு வங்காளம் வருமாம் ஸார்" என்றாள்.

அன்றைக்கே காகிதத்தை எழுதினேன். கணக்கு: 'வகுத்தல் வரவில்லை'. நடத்தைக்குக் கீழே ரூலரை வைத்து ஏழாவதாக ஒரு கட்டம் போட்டேன். வங்காளம்: 'வெகு நன்றாகப் பேசுகிறாள். வீட்டில் நோய் வந்தபோது வைத்தியருக்கும் தாயாருக்கும் நடுவே நின்று பேசி உதவினாள்'. சம்பளம் கொடுக்கிறவரிடம் வாலாட்டுகிறோமே என்று பயமாகத்தான் இருந்தது.

பயந்தபடியே காகிதம் திரும்பி வந்தது. கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஏழாவது கட்டத்துக்குப் பக்கத்தில்தான் சிவப்பு மை: 'படிவத்தில் இந்தக் கட்டம் கிடையாது. யாருடைய உத்தரவு?'

என்ன பதில் எழுதுவது? உங்கள் சம்சாரம் சொன்னார் என்று எழுத முடியுமா? அந்த அம்மாளைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகாதா? காகிதத்தை வைத்துக்கொண்டு முழிப்பதை விசாலம் பார்த்தாள். "ஸார், அம்மா அதைக் கொண்டுவரச் சொன்னா" என்று கையை நீட்டினாள். கொடுத்துவிட்டு, அன்றைக்கு முழுக்கத் தப்புத் தப்பாகப் பாடம் நடத்தினேன்.

மறுநாள் காகிதம் வந்தது. சிவப்பு மைக்குக் கீழே, பெரிய பெரிய தமிழ் எழுத்தில், 'என் உத்தரவு. அலமேலு.' என்று இருந்தது. அதற்கும் கீழே சேஷாத்ரி ஐயரின் பொடி இங்கிலீஷ்: 'பார்த்தேன். ஃபைல் செய்யவும்.'

ஆபீஸ் பாஷை தெரிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஃபைல் செய்யவும் என்று எழுதிவிட்டால் விஷயம் முடிந்தது, அதை யாரும் கிளறக்கூடாது. கும்பகோணப் பேச்சு அதோடு அடங்கியது. விசாலம் இன்னும் நாலு வருஷம் கல்கத்தாவில் இருந்தாள். அந்த மாதச் சம்பளமும் ஐயர் கையால் ஒழுங்காக வந்தது.

அந்தச் சந்தும் இப்போது இல்லை. அகலப்படுத்துகிறேன் என்று இடித்துத் தள்ளிவிட்டார்கள். பள்ளிக்கூடம் முதல் உலக யுத்தம் முடிவதற்குள்ளேயே மூடியாயிற்று. எனக்கும் ஒருவழியாக டைப்படிக்கிற வேலை கிடைத்துவிட்டது. அந்தக் காகிதங்கள் யார் வீட்டு அடுப்பில் எரிந்தனவோ தெரியாது.

ரொம்ப காலம் கழித்து மாயவரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் விசாலத்தைப் பார்த்தேன். இடுப்பில் பேரக்குழந்தை. அவள்தான் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, "கேமொன் ஆச்சோ, விசாலம்?" என்று வங்காளத்திலேயே சௌக்கியம் விசாரித்தேன். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"அதெல்லாம் எப்பவோ போயிடுத்து ஸார். கல்யாணமாகி வந்த ஊர்ல யாரோட பேசறது?" என்றாள். "நான் வந்தப்புறம் அம்மாவுக்கு வேற வழி இல்லே, தானே கத்துண்டா. அப்பா ரிடையராகி ரெண்டு பேரும் என்கிட்ட வந்து இருந்தப்போகூட அம்மாவுக்கு மாஷிமா, மாஷிமான்னு அவா பேச்சுதான். கடைசியா ஜுரம் வந்து படுத்தாளே, அந்த நாலு நாளும் வாய் ஓயாம வங்காளத்துலதான் பேசினா. டாக்டர் என்னைப் பார்த்து, என்னம்மா சொல்றாங்கன்னு கேட்டார்."

குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணுமே புரியலே ஸார்."