சமாதானம் சொல்ல எழும்பிப் போன மேபல்

மேபலுக்குக் கோபம் வந்தால் கொட்டாஞ்சேனையில் பாதிப் பேருக்குக் கேட்கும். அவள் குடியிருந்த தோட்டத்தில் அத்தனை வரிசை வீடுகளுக்கும் ஒரே ஒரு பைப். அந்தப் பைப்படியில் முறை தப்பித் தண்ணீர் பிடித்தவர், அவளுடைய வாளியைத் தள்ளி வைத்தவர், அவள் செய்யும் பட்டிஸுக்கு உப்புக் காணாது என்று சொன்னவர் என்று எல்லாரும் அவளிடம் வாங்கிக் கட்டியிருக்கிறார்கள். புருஷன் ஹியூபேட் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து இளவயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டான். பட்டிஸும் ரோல்ஸும் பொரித்துத் தேத்தண்ணிக் கடைகளுக்குக் கொடுத்து, மகள் டோரினையும் மகன் றேமண்டையும் ஒற்றை ஆளாக வளர்த்தவள். அப்படிப்பட்டவளுக்கு வாய் கொஞ்சம் நீளமாக இருந்தால்தான் என்ன?

பூசை லத்தீனை விட்டுத் தமிழுக்கு வந்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவாமியார் பிரசங்கத்தில் விளக்கம் சொன்னார். நற்கருணை வாங்க முன்னம் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லவேண்டும், யாரோடாவது மனஸ்தாபம் இருந்தால் முதலில் அதைத் தீர்க்கவேண்டும் என்றார். சனங்கள் தலையாட்டினார்கள். நேரம் வந்ததும் பக்கத்தில் நின்றவரைப் பார்த்துக் கை கூப்பிவிட்டுப் பேசாமல் நின்றார்கள். பக்கத்தில் நிற்பவரோடு யாருக்கு என்ன சண்டை? மேபல் மட்டும் சுவாமியார் சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டாள். பெண்கள் பக்கத்து வாங்கிலிருந்து எழும்பி, நடுப்பாதையைக் கடந்து, நேரே ஆண்கள் பக்கம் போனாள்.

அங்கே பலசரக்குக் கடைச் சவுந்தரநாயகம் நின்றார். முதல்நாள்தான் இரண்டு பேருக்கும் கடை வாசலில் பெரிய வாக்குவாதம்.

“முதலாளி, பருப்பு நிறுவை குறைஞ்சது குறைஞ்சதுதான். ஆனா நான் தெருவில நிண்டு கத்தினது பிழை. சமாதானம்.”

மேபலுக்குக் குசுகுசுக்கத் தெரியாது. கோயில் முழுக்கக் கேட்டது. சவுந்தரநாயகம் முகம் சிவந்து கை கூப்பினார். வாங்கில் இருந்த டோரினுக்குப் பன்னிரண்டு வயது. முகத்தைப் பாட்டுப் புத்தகத்துக்குள் புதைத்துக்கொண்டு, செத்தாலும் இப்படி எழும்பிப் போகமாட்டேன் என்று அந்த இடத்திலேயே சபதம் எடுத்தாள்.

அதன்பிறகு மேபலுக்கு அதுவே வழக்கமாகிவிட்டது. கிழமை முழுக்கச் சண்டை, ஞாயிறு நடை. மாளிகாவத்தை லுத்பியாவோடு கொழுவிச் சண்டை பிடித்தபோதுதான் சிக்கல் வந்தது. முஸ்லிமான லுத்பியா பூசைக்கு வரப்போவதில்லையே. ஆகவே மேபல் விடியக்காலையிலேயே டோரினையும் இழுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள். சண்டையின் மிச்சத்தைப் பிடிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்த லுத்பியா கதவைச் சாத்தினாள். மேபல் யன்னல் கம்பிக்குள்ளால் சமாதானம் சொன்னாள். அன்று அவர்கள் பூசைக்குப் பிந்திப் போனார்கள், கையில் லுத்பியா கொடுத்த ஒரு கிண்ணம் வட்டிலப்பத்தோடு.

டோரின் வளர்ந்து கோட்டையில் ஒரு கந்தோரில் டைப்பிஸ்ட் ஆனாள். சபதம் மட்டும் மாறவில்லை. மேபலிடம் சொத்து என்று இருந்தது கழுத்துச் சங்கிலி ஒன்றுதான். “இது உனக்குத்தான்” என்று டோரினுக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லி வைத்திருந்தாள். றேமண்டின் கலியாணத்தன்று மணப்பெண் கொன்ஸ்ரன்ஸ் வெறுங்கழுத்தோடு நிற்பதைக் கண்டாளோ இல்லையோ, மேபலுக்கு மனம் பொறுக்கவில்லை. தன் கழுத்திலிருந்ததைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டாள். றேமண்ட் ஒரு பேச்சுக்குக்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும், ஏன் அதை வாங்கவிட்டாய் என்று டோரின் தம்பியைக் கேட்டாள்.

“உனக்குப் பொறாமை அக்கா” என்றான் றேமண்ட்.

அவ்வளவுதான். டோரின் அவனோடு கதைப்பதை விட்டாள். அவன் வெள்ளவத்தையில் குடியேறினான். தாயைப் பார்க்க ஞாயிறுதோறும் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக் கோயிலுக்கு வருவான். அக்காவைப் பார்க்கமாட்டான். மூன்று வருஷம் இப்படியே ஓடியது.

மேபலுக்கு முழங்கால் விழுந்து நடக்கமுடியாமல் போய்விட்டது. பிரம்பு நாற்காலியில் இருந்தபடியே பட்டிஸுக்கு மா பிசைவாள்.

“விட்டுட்டுப் போக என்னட்ட ஒண்டுமில்லை பிள்ளை. வீடும் வாடகை. இருந்தது அந்தச் சங்கிலி. அதையும் நானே சண்டையாக்கிப்போட்டன். நீங்கள் ரெண்டு பேரும் கதைக்கிறதைக் கேக்காமல் நான் கண்ணை மூடமாட்டன்.”

“உங்களோட எனக்குக் கோவமில்லை மம்மி” என்பாள் டோரின். தம்பியைப் பற்றி வாயே திறக்கமாட்டாள்.

அடுத்த ஞாயிறு மேபலின் பிரம்பு நாற்காலியைக் கோயில் நடுப்பாதையில் பின்னுக்குப் போட்டிருந்தார்கள். சமாதானம் சொல்லும் நேரம் வந்தது.

“டோரின், என்னைத் தூக்கு. றோஸியிட்டப் போகவேணும்.”

பைப்படிப் பக்கத்து வீட்டுக்காரி றோஸி பாட்டுக்காரரோடு முன்னுக்கு நின்றாள். டோரினால் தனியே தூக்க முடியுமா?

“றேமண்ட்! என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? வந்து மற்றப் பக்கம் பிடி!”

சுவாமியார் பீடத்தில் காத்து நின்றார். அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். மேபல் ராணி மாதிரி நிமிர்ந்து இருந்தாள்.

“உன்ர பக்கம் பதியுது, உயத்திப் பிடி” என்றாள் டோரின் தன்னை மறந்து.

“நீ ஓடுறாய் அக்கா, மெதுவா நட.”

மூன்று வருஷத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டது அதுதான். றோஸியின் முன்னால் இறக்கி வைத்தார்கள்.

“றோஸி, சமாதானம்” என்றாள் மேபல்.

“எங்களுக்கு என்ன சண்டை மேபல் அக்கா?” என்று றோஸி விழித்தாள்.

“இல்லையே? அப்ப நான்தான் மறந்துபோனன்.”

கோயில் சிரித்தது. சுவாமியாரும் சிரித்தார். டோரினுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நாற்காலிக்கு அந்தப் பக்கம் றேமண்ட் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். கீழே அம்மா ஒன்றும் தெரியாதவள் மாதிரிச் செபமாலையை உருட்டினாள். அந்த முகத்தைப் பார்க்க டோரினுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

“நீ சங்கிலியை வாங்கினது பிழை எண்டுதான் இப்பவும் சொல்லுவன்” என்றாள். அவளுக்கும் குசுகுசுக்க வரவில்லை. “ஆனா கதைக்காமல் விட்டது என்ர பிழை. சமாதானம்.”

“பொறாமை எண்டு சொன்னது என்ர பிழை அக்கா” என்றான் அவன். கையும் கூப்பினான்.

மேபல் அதற்கடுத்த வருஷம் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தாள். முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் கொன்ஸ்ரன்ஸ் சங்கிலியைக் கழற்றி டோரினின் கையில் வைத்தாள். டோரின் திருப்பிக் கொடுத்தாள். நீதான் வைத்திருக்கவேண்டும் என்று றேமண்ட் கத்த, மம்மி போட்ட கழுத்திலேயே கிடக்கட்டும் என்று டோரின் கத்த, பைப்படியில் நின்றவர்கள் வாளியை வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். றேமண்ட் கோபித்துக்கொண்டு பஸ் ஏறினான்.

ஞாயிறு வந்தது. புதிதாக மாற்றலாகி வந்த சுவாமியாருக்கு அதுதான் முதல் பூசை. சமாதானம் சொல்லச் சொல்லிவிட்டு அவர் அடுத்த செபத்துக்கு வாயெடுத்தார். அதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து டோரின் எழும்பினாள். ஆண்கள் பக்கத்திலிருந்து றேமண்ட் எழும்பினான். பின்னால் றோஸி யாரையோ தேடி நடந்தாள். கிழவர் சவுந்தரநாயகம் பொல்லை ஊன்றிக்கொண்டு ஒரு வாடிக்கைக்காரரிடம் போய்க்கொண்டிருந்தார். இன்னும் நாலைந்து பேர் நடுப்பாதையில் முட்டி மோதினார்கள்.

சுவாமியார் திகைத்துப்போய்த் திரும்பிப் பார்த்தார். கோயில் மணியடிக்கும் கிளெமென்ற் அவரிடம் குனிந்து சொன்னார்:

“கொஞ்சம் பொறுங்கோ சுவாமி. இதெல்லாம் மேபல் அக்காவின்ர ஆக்கள்.”